பழைய ஆறு சிலிண்டர் காருக்குக் காயலான் கடை டர்போ: மாட்டும் முன் ஆயில் பிரஷரைப் பாருங்கள்

தாத்தா காலத்து செவ்ரோலே, டாட்ஜ், பிளைமவுத் கார்களை ஓரங்கட்டாமல் இன்னும் ஓட்டும் குடும்பங்கள் மதுரையிலும் காரைக்குடிப் பக்கமும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் பட்டறைக்கு வந்தால் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, பொலிரோ டர்போ ஒண்ணு சல்லிசா கிடைச்சிருக்கு, நம்ம வண்டியில மாட்டிரலாமா?"

ஆசை நியாயமானதுதான். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, அதனால் இழுவை கூடும். மூன்றரை லிட்டர் இன்ஜின் இருந்தும் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் வண்டி திணறுகிறது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகளுக்கு நான் சொல்லும் பதில் 'வேண்டாம்' என்பதுதான். டர்போவை நான் குறை சொல்லவில்லை. அதற்கு வேண்டிய ஆயிலைக் கொடுக்க அந்த இன்ஜினால் முடியாது.

1940களின் செவ்ரோலே ஃப்ளீட்மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 216 கன அங்குல இன்ஜினில் பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு, இன்று போல கழற்றி மாற்றும் ஷெல் பேரிங் கிடையாது. ராடிலேயே உருக்கி ஊற்றிய வெள்ளை மெட்டல்தான். ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். அது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் உள்ள தொட்டியில் தோய்ந்து ஆயிலை வாரிக்கொள்ளும். வேகம் கூடினால் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் ஆயிலை அந்தக் கரண்டி பிடித்துக்கொள்ளும். மீட்டரில் ஆயில் அழுத்தம் 14, 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காட்டினாலே நல்ல இன்ஜின். டர்போவின் ஷாஃப்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. லோடில் அதற்கு 30 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் ஆயில் வர வேண்டும். இருக்கிற கொஞ்ச ஆயிலிலும் ஒரு பங்கை டர்போவுக்குப் பிரித்துவிட்டு, அதே ராடு மெட்டல் மேல் கூடுதல் அழுத்தத்தையும் ஏற்றினால் என்ன ஆகும்? மெட்டல் உருகும், ராடு தட்டும். கிராங்கைச் சாணை பிடித்து மெட்டல் ஊற்றத் தெரிந்த கைகள் இன்று எத்தனை இருக்கின்றன?

செவ்ரோலே தன் கார்கள் எல்லாவற்றுக்கும் ராடு பேரிங் வரைக்கும் பம்பே ஆயிலைத் தள்ளும் முழு பிரஷர் ஆயில் முறையைக் கொண்டுவந்தது 1954இல். டாட்ஜ், பிளைமவுத் ஆறு சிலிண்டர்களில் இந்தக் குறை முன்பே கிடையாது, ஷெல் பேரிங்தான். ஆனால் அவற்றில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கின்றன. எக்ஸாஸ்ட் சூடு முழுவதும் பிளாக் வழியாகத்தான் வெளியே போகும். சித்திரை வெயிலில் டர்போ இல்லாமலே ரேடியேட்டர் கொதிக்கிற வண்டிக்கு இன்னும் சூட்டை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆயில் உள்ளே போவதைப் பார்க்கிறவர்கள் வெளியே வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு காரில் நீலப் புகை நிற்கவே இல்லை. வேறோர் இடத்தில் டர்போ மாட்டி, புகை வந்ததும் டர்போ போச்சு என்று இன்னொன்றை வாங்கி மாற்றி, அதுவும் புகைத்த பிறகு வந்த வண்டி. அடியில் படுத்துப் பார்த்தேன். டர்போவின் ஆயில் டிரெயின் ஹோஸ் கீழே இறங்கி, சேஸிஸைச் சுற்றி மறுபடி மேலே ஏறி, சம்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே செருகியிருந்தது. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையில் வழிந்துதான் இறங்கும், அதைத் தள்ள உள்ளே பிரஷர் கிடையாது. வழி அடைத்தால் சீல் தாண்டி சைலென்சருக்குப் போகும். டிரெயின் குழாய் தடிமனாக, மேடு பள்ளம் இல்லாமல் சரிவாக, ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இரண்டு டர்போவிலும் பழுதே இல்லை.

காயலான் கடையில் டர்போவை வாங்குவதானால் கையால் சோதியுங்கள். ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுங்கள். அசைவது தெரிந்தாலே வேண்டாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், ஆயில் வந்தால் சரியாகிவிடும். ஆனால் சக்கரம் ஹவுசிங்கில் உரசக் கூடாது. டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள், மண் தின்ற மாதிரி மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டியுடையது. டிரெயின் ஓட்டைக்குள் விரலை விடுங்கள். கருகிய கரி வந்தால் அந்த பேரிங் ஆயிலுக்கு ஏங்கியிருக்கிறது.

சோதனையில் தேறினாலும் அது டீசல் வண்டிக்கு அளவெடுத்த டர்போ. பெட்ரோல் எக்ஸாஸ்ட் முழு லோடில் 900 டிகிரியைத் தாண்டும், டீசலின் சூடு அதைவிடக் குறைவு. உள்ளே நகரும் இறகுகள் வைத்த புது வகை டர்போ இந்தச் சூட்டில் இறுகிவிடும். பெட்ரோல் காரில் அந்த வகையை வைக்க 2006இல் போர்ஷே 911 டர்போவுக்குத் தனி உலோகக்கலவை தேவைப்பட்டது. லாரி டர்போ பலவற்றில், மிஞ்சும் எக்ஸாஸ்டைத் திருப்பிவிட்டு டர்போவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டே இருக்காது; பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து பெட்ரோல். பழைய மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது 4 பி.எஸ்.ஐ. சொச்சம். டர்போ கார்புரேட்டருக்குள் 5 பி.எஸ்.ஐ. காற்றைத் தள்ளினால் பெட்ரோல் எப்படி உள்ளே வரும்? பெட்ரோல் குறைந்து கலவை மெலியும், சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். பங்கில் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலே கலவையை ஓரளவு மெலிதாக்குகிறது. அறுபது வருஷத்து ரப்பர் ஹோஸையும் அது அரிக்கும். கசிகிற ஹோஸுக்குப் பக்கத்தில் செக்கச்செவேல் என்று காய்ந்த டர்போ! பானெட் திறந்து பார்ப்பதற்குள் தீ பிடித்துவிடும். 1962இல் செவ்ரோலே கம்பெனியே தன் கோர்வேர் ஆறு சிலிண்டருக்கு டர்போ வைத்தபோது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் விகிதத்தை 8:1 ஆகக் குறைத்து, கிராங்கையும் பலப்படுத்தித்தான் வைத்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தப்படி அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இலிருந்து 'வி.ஏ.' என்று தனிப் பதிவெண் கிடைக்கிறது. இன்ஜினும் சேஸிஸும் பாடியும் அசலாக இருந்தால்தான் அந்தத் தகுதி. சில ஆயிரம் ரூபாய் டர்போவுக்காக அதைத் தொலைக்கலாமா?

இழுவைதான் வேண்டுமென்றால் முதலில் ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றிரண்டில் இறங்கியிருந்தால் வால்வை கிரைண்ட் பண்ணி உட்கார வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில், வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்க வைக்கும் அட்வான்ஸ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். கார்புரேட்டர் ஜெட், மேனிபோல்டு கேஸ்கட், ரேடியேட்டர் அடைப்பு, இதெல்லாம் சரியானால் கிழவர்களே "வாங்கினப்போ இப்படித்தான் ஓடுச்சு" என்பார்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு: பூஸ்ட் மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் கண்ணெதிரே இருக்கட்டும். மலையேறி வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள், இல்லாவிட்டால் நின்ற ஆயில் பேரிங்கிலேயே கருகும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். சீட்டுக்கடியில் ஒரு தீயணைப்பானும் இருக்கட்டும். ஓட்டும்போது இன்ஜினில் சரளைக்கல் உருட்டுகிற சத்தம் கேட்டால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். நாக்கிங் அது. ஸ்பார்க் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, கலவையைப் பார்க்கும்வரை வண்டியை மறுபடி மிதிக்காதீர்கள்.