185 டிகிரி என்றால் எந்த டிகிரி? சோயா மெழுகுவத்தி செய்பவர்களுக்கு

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மணிக்கட்டில் கொப்புளம், பக்கத்தில் குறுக்கே விரிசல் விட்ட கண்ணாடி டம்ளர், அடுப்பு மேடை முழுக்க உறைந்த மெழுகு. "அக்கா, வீடியோவில் சொன்ன மாதிரியேதான் செய்தேன். 185-க்கு சூடாக்கினேன், 135-க்கு இறங்கினதும் ஊற்றினேன்" என்று கீழே எழுதியிருந்தார். இந்த 185 கதையை நான் கேட்பது முதல் தடவை இல்லை. போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அது அமெரிக்க வீடியோ. அவர்கள் சொல்வது ஃபாரன்ஹீட். அங்கே பரவலாக விற்கும் 464 என்ற சோயா வாக்ஸை 185-க்கு சூடாக்கி, வாசனை எண்ணெய் கலந்து, 135-ல் ஊற்றச் சொல்வார்கள். நம் கையில் இருக்கும் தெர்மாமீட்டரின் செல்சியஸில் அது 85-ம் 57-ம். இவர் 135 செல்சியஸில் இருந்த மெழுகை சாதாரண ஜூஸ் டம்ளரில் ஊற்றியிருக்கிறார். கண்ணாடி விரிசல் விடாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் அந்தப் படத்திலிருந்தே தெரிந்துவிட்டது. டபுள் பாய்லிங் செய்திருந்தால் 185-க்கு அவரால் போயிருக்கவே முடியாது. வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் மெழுகு 100-ஐத் தாண்டாது. மெழுகுப் பாத்திரத்தை நேராக கேஸ் அடுப்பில் வைத்திருக்கிறார். அதே சூட்டில், அதே அடுப்பின் மேலேயே வாசனை எண்ணெயையும் ஊற்றியிருக்கிறார். பல வாசனை எண்ணெய்களின் ஃப்ளாஷ் பாயிண்ட் 60-லிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குள்தான். அந்தச் சூட்டுக்கு மேலே போனால் எண்ணெய் தானாகப் பற்றாது. ஆனால் அதன் ஆவிக்குப் பக்கத்தில் ஒரு தீ இருந்தால் போதும், பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பலர் கரண்ட்டில் ஓடும் மெல்ட்டரில் செய்கிறார்கள், நமக்கோ கேஸ் அடுப்பு. அதனால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வேறு மேசைக்குக் கொண்டுபோன பிறகுதான் வாசனை எண்ணெய் பாட்டிலைத் திறக்க வேண்டும். பாடி ஸ்ப்ரே, சென்ட் எதையும் மெழுகில் ஊற்றவே கூடாது. அதில் பெரும்பகுதி ஆல்கஹால், சூடே வேண்டாம், சாதாரண நாளிலேயே பற்றிக்கொள்ளும்.

சரி, இப்போது என்னை உண்மையிலேயே சோர்வடையச் செய்யும் விஷயம். எந்தக் குறையைக் காட்டினாலும் "எத்தனை டிகிரியில் ஊற்றணும் அக்கா?" என்பதுதான் கேள்வி. ஊற்றும் சூடு நாம் மாற்றிப் பார்க்கக்கூடிய பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான். அது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. நடுவில் மட்டும் குழி விழுந்து எரிந்து, ஓரத்தில் மெழுகு அப்படியே நிற்கிறதா? திரி சின்னது, பெரிய திரி போடுங்கள். ஊற்றும் சூட்டை எத்தனை முறை மாற்றினாலும் அது சரியாகாது. எரிக்கும்போது வாசனை வரவில்லையா? ஊற்றிய மறுநாளே ஏற்றிப் பார்த்திருப்பீர்கள். சோயாவுக்கு ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். வாசனை போதாது என்று 100 கிராமுக்கு 20 கிராம் எண்ணெய் ஊற்றினால் மெழுகு அதைப் பிடித்து வைக்காது. எண்ணெய் தனியே கசிந்து திரியடியில் தேங்கும், தீ நாக்கு எழும்பும். 6-லிருந்து 10 கிராம் போதும், அதையும் ஸ்பூனால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

மேலே வெள்ளைப் பூவாகப் படர்கிறதே, அதைப் பார்த்து "கலப்பட வாக்ஸ் கொடுத்துட்டாங்க" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். சோயா வாக்ஸ் என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். அது ஒரு கொழுப்பு. நெய் உறையும்போது மணல் மணலாகத் திரள்கிறதே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நிறம் சேர்த்தால் பளிச்சென்று தெரியும், சேர்க்காவிட்டால் கண்ணிலேயே படாது. எரிவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஊற்றும் சூட்டால் மாறுவது மேல்பரப்பு, திரியைச் சுற்றி விழும் சின்னப் பள்ளம், கண்ணாடியோடு மெழுகு ஒட்டும் விதம், இவ்வளவுதான். ஜாரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில இடங்களில் ஈரத் திட்டு போலத் தெரியும், அங்கே மெழுகு கண்ணாடியை விட்டு விலகியிருக்கிறது. ஜாரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, ஃபேன் காற்று படாத இடத்தில் ஆறவிட்டால் பெரும்பாலும் குறையும். 57-ல் சரிவரவில்லை என்றால் 52-ல் ஒன்று, 62-ல் ஒன்று ஊற்றுங்கள். மற்றது எதையும் மாற்றாதீர்கள். நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 42-க்கு மேல் காட்டாது, அதை மெழுகில் விட்டு உடைக்க வேண்டாம்.

அடுத்தது கலவை. "தேங்காய் வாக்ஸ் கலந்தால் நல்லதாமே" என்று சமையல் தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது 25 டிகிரியிலேயே உருகிவிடும். சென்னையில் மே மாதம் 40-ஐத் தொடும்போது அந்த மெழுகு எப்படி உறையும்? ஜாருக்கான சோயா வாக்ஸே 50-க்குள் உருகக்கூடியது, கூரியர் வண்டிக்குள் ஒரு மதியம் இருந்தால் வியர்க்கும். கெட்டி வேண்டுமென்றால் 62 டிகிரிக்கு மேல் உருகும் தேன்மெழுகை 100-க்கு 10 கிராம் சேர்த்துப் பாருங்கள். சேர்த்தால் திரியையும் மறுபடி சோதிக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. அப்புறம், நீங்கள் வாங்கும் பாக்கெட்டே ஏற்கெனவே கலவையாக இருக்கலாம். விற்பவரிடம் கேட்காமல் மேலும் எதையாவது கலக்காதீர்கள்.

மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். அந்தத் தட்டு முதலிலிருந்தே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெழுகு உருகும்போது போன் பேசப் போகாதீர்கள். குழந்தைகளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். கொட்டாங்கச்சியில் ஊற்றிய மெழுகுவத்தி படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் கொட்டாங்கச்சியே எரிபொருள்.

விற்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு மெழுகோ, வாசனையோ, ஜாரோ மாற்றினால், நான்கு நான்கு மணி நேரமாக ஏற்றி அணைத்து, ஒரு மெழுகுவத்தியை அடிவரை உங்கள் வீட்டிலேயே எரித்துப் பாருங்கள். கடைசி விரற்கடை மெழுகு எரியும்போதுதான் ஜாரின் அடி சுடும். அது முடியும்வரை தயவுசெய்து ஆர்டர் எடுக்காதீர்கள்.