பீமன் வயிறும் நளன் கையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயத்துக் குடும்பங்களில் பாதிக்குமேல் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்குப் போய்விட்டன. ஆனாலும் அன்னதானத்துக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். போன வருடம் ஈப்போவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே அடுப்படிக்குப் போய், அங்கே நின்ற ஆஜானுபாகுவான ஒருவரின் தோளைத் தட்டினார்.

"சாம்பார் அமிர்தம் தம்பி. வரும்போதே உங்க உடம்பைப் பார்த்தேன், அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவர் நெளிந்தார். "ஐயா, நான் அண்டா ஏத்திட்டு வந்த லோரி டிரைவர். சமைச்சது அதோ, அந்த மாமா."

மாமா, விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற உடம்போடு, ரப்பர் விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

பெரியவரைச் சொல்லிக் குற்றமில்லை. நன்றாகச் சமைக்கிறவர் குண்டாகத்தான் இருப்பார் என்பது பலரின் நம்பிக்கை. சமையல்காரர் என்றதும் நம் மனத்தில் ஒரு படம் எழுகிறது: தொப்பை, தோளில் துண்டு, கையில் அகப்பை. எதிரில் இருப்பவர் அந்தப் படத்துக்கு எவ்வளவு பொருந்துகிறார் என்பதை வைத்தே அவர் யார் என்று தீர்மானித்துவிடுகிறோம். உளவியலாளர்கள் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் எழுதிய கட்டுரையில் இந்தக் குறுக்குவழியை விளக்கினார்கள். படத்தோடு பொருத்திப் பார்க்கும் மும்முரத்தில், ஊரில் மொத்தம் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கை மூளை விட்டுவிடுகிறது. மலேசியாவின் கணக்கு இது: 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இரண்டில் ஒருவர்! ஆகவே தொப்பையுள்ள நல்ல சமையல்காரருக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. தொப்பையுள்ள நல்ல பஸ் டிரைவரும் அதே அளவு சுலபமாகக் கிடைப்பார்.

"அதில்லை, நன்றாகச் சமைக்கிறவர் ருசி பார்த்துப் பார்த்தே பருத்துவிடுவார்" என்று ஒரு வாதம் உண்டு. சரி, கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். இருபது தடவை ருசி பார்த்தாலும் 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர் சாம்பார். இதற்கெல்லாம் தொப்பை போட்டுவிடாது. சமையல் தொழிலில் உடம்பு கூடுகிறதென்றால், நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவதையும் தூக்கமில்லாத இரவுகளையும் முதலில் சந்தேகப்படுவேன், கரண்டியை அல்ல.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. கோயில் சமையலில் ருசியே பார்ப்பதில்லை. படையல் முடியும்வரை ஒரு சொட்டும் நாக்கில் படக் கூடாது. ஐந்நூறு பேருக்கு உலை வைத்துவிட்டு, உப்பு சரியா என்றுகூடப் பார்க்காமல் இறக்குகிறார்கள். எப்படி முடிகிறது?

பெரும்பகுதி வேலை மூக்குடையது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு, காளான் போன்றவற்றில் தெரியும் சுவை) என்று ஐந்துதான். (காரம் இந்தப் பட்டியலில் இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டி மூளையை ஏமாற்றுகிறது. அறுசுவை என்று படித்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.) மூக்கிலோ சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. நாம் 'சாம்பார் ருசி' என்று சொல்வதில் பெரும்பாலானது, மெல்லும்போது தொண்டைவழியாக மூக்குக்கு ஏறும் மணம். சளி பிடித்த நாளில் எந்தக் குழம்பும் ஒரே மாதிரி சப்பென்று இருப்பது அதனால்தான். பருப்பு வெந்தது, புளியின் பச்சை வாடை போனது, பெருங்காயம் பொரிந்தது எல்லாவற்றையும் பழகிய மூக்கு ஆவியிலேயே படித்துவிடும்.

உப்புக்கு மட்டும் வாசனை கிடையாது. தண்ணீரில் உப்புக் கரையும்போது சில வாசனை மூலக்கூறுகள் தண்ணீரைவிட்டு ஆவியாக வெளியேறுவது கூடும் என்பது உண்மைதான். ஆனால் குழம்பில் போடும் உப்பின் அளவுக்கு அதை நம்பி இறங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே காப்பாற்றுவது கை. இத்தனை படி பருப்புக்கு இத்தனை கை உப்பு என்று பல வருடம் அள்ளிய விரல்களுக்கு அளவு தெரியும். தமிழில் கைப்பக்குவம், கைமணம் என்கிறோம். யாரும் வயிற்றுப்பக்குவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியவரிடம் திரும்புவோம். அடுப்படியில் பெரிய உடம்பைக் கண்டதால் சாம்பார் அவருக்கு உண்மையிலேயே கூடுதலாக ருசித்திருக்கவும் கூடும். எதிர்பார்ப்பு நாக்குக்கு முன்னால் ஓடும். பிரான்சின் போர்டோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். மூக்கைக் கண் வென்றுவிட்டது. 2008இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரே ஒயினுக்கு விலையைக் கூட்டிச் சொன்னதும் குடித்தவர்களுக்கு அது அதிகம் பிடித்தது. சும்மா பேச்சுக்காகச் சொன்னதல்ல; ஸ்கேனில் பார்த்தபோது, இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. சமையல்காரரின் தொப்பையும் ஒரு விலைச்சீட்டு மாதிரி வேலை செய்ய முடியும் என்பது என் ஊகம்.

உடம்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு தின்றுபார்ப்பதுதான் வழி. நம் கதைகளில் அந்தச் சோதனையைச் செய்தவள் தமயந்தி. பாம்பு தீண்டியதால் நளன் குறுகிய கைகளோடு அடையாளம் தெரியாத உருவமாகிவிடுகிறான். தேரோட்டியாக வந்திருப்பவன் அவன்தானோ என்று சந்தேகப்பட்டவள், அவன் சமைத்ததைத் தோழியிடம் எடுத்துவரச் சொல்லித் தின்றுபார்க்கிறாள். உடம்பு முழுக்க மாறியிருந்தும் ருசி மாறவில்லை. விராடன் மடைப்பள்ளியில் மலைபோல நின்ற பீமனும் பாகத்தில் பேர்பெற்றவன்தான். நளபாகம், பீமபாகம் இரண்டையும் நம் ஆட்கள் ஒரே மூச்சில் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், உடம்பின் பருமனே சாப்பாட்டுக்கு நேர்க்கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவில் 16 பேருக்கு 8 வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வந்தது. ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்புதான் சேர்ந்தது, இன்னொருவருக்கு 4.23 கிலோ. தன்னையறியாமல் எழுந்து நடப்பது, கையைக் காலை ஆட்டுவது போன்ற சின்னச் சின்ன அசைவுகள் சிலருக்கு மிச்சக் கலோரியை எரித்துவிடுகின்றன. மாமா ஒரு நிமிடம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மெலிந்தவர்தான் நன்றாகச் சமைப்பார் என்கிற கட்சியும் ஓர் எலி ஆய்வைப் பிடித்துக்கொண்டு குதிக்க வேண்டாம். கொழுப்புத் தீனி கொடுத்துக் கொழுக்கவைத்த எலிகளுக்கு, 8 வாரத்தில் சுவைமொட்டுகள் சுமார் கால்பங்கு குறைந்ததாக 2018இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். எலிக்கு நடந்தது அது. எந்த எலியும் சாம்பார் வைக்கவில்லை.

மாலை நாலு மணிக்குக் கடைசிப் பந்தியும் எழுந்தது. அண்டாவில் இன்னும் சாம்பார் மிச்சமிருந்தது. மாமாவோ தட்டில் வெறும் சோறு போட்டு, தயிர் ஊற்றி, ஊறுகாய் வைத்துக்கொண்டார். ஒரே உணவின் மணத்தைச் சில நிமிடம் முகர்ந்துகொண்டிருந்தாலே அந்த மணத்தின் மீதுள்ள விருப்பம் குறைகிறது, மற்ற உணவின் மீது அவ்வளவாகக் குறைவதில்லை என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. மாமா முகர்ந்துகொண்டிருந்தது விடியற்காலை மூன்று மணியிலிருந்து. லோரி டிரைவர் மட்டும் மூன்றாவது தடவையாகச் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தார்.