ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்கினார்?

1961-இல் தில்லியிலிருந்து ஒரு இளம் ஆய்வாளர் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்தார். பெயர் ஆந்த்ரே பெத்தேய். அப்பா பிரெஞ்சுக்காரர், அம்மா வங்காளி, பிறந்த ஊர் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்தன்நகர். காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி அங்குள்ள வாழ்க்கையை எழுதுவதே அவருடைய முனைவர் பட்ட வேலை. ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று உண்மைப் பெயரை மறைத்து அந்த ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் வைத்தார். 1965-இல் வெளிவந்த அவருடைய நூலை இன்றும் இந்தியாவில் சமூகவியல் படிக்கும் மாணவர் யாரும் தவிர்க்க முடியாது.

அந்தக் காலத்துத் தஞ்சைக் கிராமங்கள் பலவற்றைப் போலவே ஸ்ரீபுரமும் மூன்று துண்டாகக் கிடந்தது: அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி. வந்தவர் எங்கே தங்குவது? அக்கிரகாரத்தில் ஒரு பிராமணர் வீட்டில் இடம் கிடைத்தது. பிராமணரல்லாத வெளியூர்க்காரருக்கு அப்படி இடம் கொடுப்பது அன்று அரிது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மற்ற இரண்டு தெருக்காரர்களும் அவரை அக்கிரகாரத்து மனிதராகவே பார்த்தார்கள். நினைத்த நேரத்தில் சேரிக்குப் போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேச அவரால் முடியவில்லை. தன்னிடம் இருக்கும் தகவல்களில் அக்கிரகாரம் பற்றியவை செறிவாகவும் சேரி பற்றியவை மெலிந்தும் இருப்பதை அவரே நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முன்னுரைகளில் இப்படி வரும் வரிகளைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். சமூகவியல் எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த வரிகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

பெத்தேயைச் சேரிக்குள் போகவிடாமல் தடுத்தது எது? வேலி கிடையாது, காவலர் கிடையாது. தீண்டாமையை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமே ஒழித்திருந்தது. போயிருந்தால் யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்கப் போவதில்லை. ஆனால் திரும்பி வந்தபின் அவர் தங்கிய வீட்டில் முகங்கள் மாறியிருக்கும்; சேரிக்காரர்களும் அவர் எதற்கு வந்தார் என்று சங்கடப்பட்டிருப்பார்கள். அந்த விதியை அவர் உண்டாக்கவில்லை, அவருக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. இருந்தும் அது அவரைக் கட்டியது.

இதற்குத்தான் எமில் துர்க்கைம் 'சமூக உண்மை' என்று பெயர் வைத்தார். 1887-இல் பிரான்சின் போர்தோ நகரில் சமூகவியலைப் பல்கலைக்கழகப் பாடமாக நடத்தத் தொடங்கியவர் அவர். 1895-இல் வெளிவந்த தன் முறையியல் நூலில் அவர் வைத்த வாதம் இது: சில நடத்தை முறைகளும் நம்பிக்கைகளும் தனிமனிதனுக்கு வெளியே இருக்கின்றன. அவன் பிறப்பதற்கு முன்பே அவை இருந்தன. மீறினால் ஏதோ ஒரு வகையில் அவனைத் தண்டிக்கின்றன. எனவே அவற்றை ஒருவரின் மனசுக்குள் தேடாமல், வெளியே கிடக்கும் ஒரு பொருளை ஆராய்வதுபோல ஆராய வேண்டும். பாடப்புத்தகத்தில் வறட்டு வாசகமாகத் தெரியும் இந்தக் கருத்து, ஒரு கிராமத்தின் தெரு முனையில் நின்று பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும்.

தனக்கு ஏற்பட்ட தடையையே தகவலாக எடுத்துக்கொள்வது களப்பணியின் பழைய உத்தி. யார் நம்மைத் திண்ணையோடு நிறுத்தினார்கள், யார் கூடத்துக்கு அழைத்தார்கள், யார் தண்ணீர் கொடுக்கத் தயங்கினார்கள் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஊரின் வரைபடம் அதில்தான் இருக்கிறது.

சரி, அக்கிரகாரத்தில் இருந்துகொண்டு பெத்தேய் கண்டுபிடித்தது என்ன?

அதைச் சொல்வதற்கு முன் இரண்டு ஜெர்மன்காரர்களைக் கொஞ்சம் உள்ளே அழைக்க வேண்டும். கார்ல் மார்க்ஸுக்கு முதல் கேள்வி, நிலமும் ஆலையும் யாருடையவை, உழைப்பு யாருடையது என்பது. அங்கிருந்து வர்க்கம் என்ற கருத்து பிறக்கிறது. மற்ற ஏற்றத்தாழ்வுகளை அவர் பெரும்பாலும் அதிலிருந்தே விளக்கினார். ஒரு தலைமுறை கழித்து எழுதிய மாக்ஸ் வெபர், சொத்து முக்கியம்தான், ஆனால் அது ஒன்றே கணக்கல்ல என்றார். சந்தையில் ஒருவர் நிற்கும் இடம் வர்க்கம்; ஊர் அவருக்குத் தரும் மதிப்பு அந்தஸ்து; மற்றவர் மறுத்தாலும் தன் விருப்பத்தை நடத்திக்கொள்ளும் வலிமை அதிகாரம். மூன்றும் ஒரே கையில் சேரலாம், பிரிந்தும் கிடக்கலாம். எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பதைப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெத்தேய் வெபரின் இந்தப் பிரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்ரீபுரத்தைப் பார்த்தார். பழைய ஏற்பாட்டில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. நிலம் பெரும்பாலும் அக்கிரகாரத்து மிராசுதார்களிடம் இருந்தது. சடங்கிலும் அவர்களே உயர்ந்தவர்கள், ஊரில் அவர்கள் சொல்லே எடுபட்டது. குடியானத் தெருவில் குத்தகைதாரர்கள், சேரியில் விவசாயக் கூலிகள். 1961-க்குள் இந்த அடுக்குகள் விலகத் தொடங்கியிருந்தன. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் படித்துவிட்டு நகரத்து வேலைக்குப் போனார்கள், நிலம் கை மாறிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து பிராமணரல்லாதோர் கைக்கு வந்திருந்தது. அவர்களுடைய பலம் ஊருக்கு வெளியே கட்சிகளோடும் அரசியல்வாதிகளோடும் இருந்த தொடர்பிலிருந்து வந்தது. சாதி அந்தஸ்தில் மேலே இருந்தவர் அதிகாரத்தில் மேலே இல்லை. அதிகாரம் பெற்றவர்கள் எல்லோரிடமும் பெரிய நிலம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. ஆறு ஆண்டு கழித்து, 1967-இல், தமிழ்நாட்டின் ஆட்சியே கைமாறியபோது நாட்டின் பல இடங்களில் வியப்பாகப் பேசினார்கள். ஸ்ரீபுரத்து நூலைப் படித்திருந்தவர்களுக்கு அவ்வளவு வியப்பு இருந்திருக்காது.

இதே தஞ்சாவூருக்குப் பத்து ஆண்டு முன்பே இன்னொருவர் வந்திருந்தார். இங்கிலாந்தில் பிறந்த மானுடவியலாளர் கேத்லீன் காஃப். 1951-52-இல் அவர் பார்த்த ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் கும்பாப்பேட்டை. அடுத்து கடலோரப் பக்கம் கிரிப்பூர் என்ற இன்னொரு ஊர். பண்ணையாள், குத்தகைதாரர் போராட்டங்கள் சூடுபிடித்து, 1952-இல் அவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்த நேரம் அது. அந்தக் குறிப்புகளை வைத்து 1950-களில் காஃப் எழுதிய கட்டுரைகளில் சாதிக் கட்டமைப்பே முன்னால் நின்றது. அதே களப்பணியை வைத்து 1981-இல் பெரிய நூலாக எழுதியபோது அவர் மார்க்ஸியராக எழுதினார். வர்க்கமும், காலனி ஆட்சி தஞ்சைப் பொருளாதாரத்தை மாற்றிய விதமும் முன்னால் வந்தன. ஊரும் குறிப்பும் மாறவில்லை, கேட்ட கேள்வி மாறிவிட்டது.

இதைக் கேட்டதும் சிலர், 'அப்படியானால் இது அறிவியலே இல்லை, அவரவர் கண்ணாடிக்கு ஏற்ற காட்சி' என்று கையை உதறிவிடுவார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிப்பதில்லை. மார்க்ஸின் கேள்வியோடு போனவருக்கும் வெபரின் கேள்வியோடு போனவருக்கும் யார் பெயரில் எத்தனை வேலி (தஞ்சைப் பக்கத்து நில அளவு) நிலம் என்ற விவரம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் தவறு செய்திருக்கிறார் என்று காட்டிவிடலாம். எந்த விவரத்துக்கு அழுத்தம் தருவது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையையும் ஆதாரத்தை வைத்துத்தான் போட முடியும்.

ஆதாரம் என்றதும் பலருக்கு எண்கள்மேல் நம்பிக்கை வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைவிடக் கேள்விப் பட்டியலும் அரசு ஆவணமும் நடுநிலையானவை என்று தோன்றும். ஆனால் எண்களும் ஏதோ ஒரு தெருவிலிருந்துதான் வருகின்றன. தஞ்சாவூரில் யார் எந்த நிலத்தைப் பயிர் செய்தார்கள் என்று அறிய, ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய அடங்கல் என்ற பயிர்க் கணக்கேட்டைப் புரட்டினால் போதும் என நினைக்கலாம். ஆனால் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிந்தது. ஏட்டில் இல்லாத குத்தகைதாரர் ஏராளம். அவர்கள் உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அடங்கலை மட்டும் நம்பிய ஆய்வாளருக்கு அந்த மனிதர்கள் இல்லவே இல்லை.

மார்க்ஸே ஒரு முறை கேள்விப் பட்டியல் தயாரித்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 1880-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ 100 கேள்விகள் எழுதினார்: வேலை நேரம், கூலி, ஆலையின் காற்றோட்டம், குழந்தைத் தொழிலாளர், விபத்து, வீட்டு வாடகை, வேலைநிறுத்தம். 25,000 பிரதிகள் அச்சாகின. திரும்பி வந்தவை சொற்பம். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் அத்தனை கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதித் தபாலில் போட வேண்டும் என்று எதிர்பார்த்ததை என்ன சொல்வது!

பதில்கள் மலையாகக் குவிந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு சுமார் 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை அடித்துச் சொன்னது. அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பத்திரிகை முகவரி எடுத்த இடம் தொலைபேசிப் பட்டியலும் கார்ப் பதிவேடும். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இரண்டும் வசதியானவர்களின் தெரு. போதாக்குறைக்கு, பதில் எழுதி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி வாக்களிக்கவில்லை. அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட எவ்வளவோ சிறிய மாதிரியை வைத்துச் சரியாகக் கணித்தார். யாரைக் கேட்கிறோம் என்பதில் கோட்டைவிட்டால், எத்தனை பேரைக் கேட்டோம் என்ற பெருமை உதவாது.

அப்படியானால் அந்த மக்களில் ஒருவரே ஆராய்ந்தால் சிக்கல் தீருமா? இதற்கு டபிள்யூ. இ. பி. டு பாய்ஸின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். 1896-இல் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் மனைவியோடு குடியேறி, கறுப்பினக் குடும்பங்களை வீடு வீடாகத் தானே போய் விசாரித்தார். வறுமையும் குற்றமும் அந்த மக்களின் இயல்பு என்று நகரத்துப் பெரியவர்கள் நம்பியிருந்த காலம். வேலைவாய்ப்பு, வாடகை, அடிமைமுறையின் எச்சம், இன ஒதுக்கல் என்று காரணங்களை அட்டவணையும் வரைபடமுமாக அவர் அடுக்கிக் காட்டினார். 1899-இல் நூல் வந்தது. ஆனால் அந்த மக்கள் அவரை ஓடிவந்து வரவேற்கவில்லை. எங்களை அறுத்துப் பார்க்க நாங்கள் என்ன விலங்குகளா, அதுவும் முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து கேட்பதா என்ற எரிச்சலை அவர் சந்தித்தார். நிறம் ஒன்றாக இருந்தாலும் ஹார்வர்டு படிப்பும் கையிலிருந்த படிவமும் அவரை வேறொரு தெருவில் நிறுத்திவிட்டன.

உள்ளே இருப்பவருக்கு எல்லாம் பழக்கமாகிவிடுவதால் சில கேள்விகள் தோன்றாமலே போகும். வெளியே இருந்து வருபவருக்குச் சில கதவுகள் திறக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிற இடம் என்று ஒன்று எந்த ஊரிலும் இல்லை. துறை இதற்குக் கண்ட வழிகளில் எனக்கு அதிக மரியாதை இருப்பது மறுஆய்வின்மேல்: ஒருவர் பார்த்த ஊருக்கே இன்னொருவர், வேறு காலத்தில், முந்தையவரின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போவது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களிடம் விடுமுறைக்குப் போகும்போது ஊரைப் பற்றி விவரம் சேகரித்து வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி என்று பல ஊர்கள் அப்படி ஏட்டில் ஏறின. 1918-இல் அவை நூலாயின. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலானவர்கள் போனார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள்.

ஒரு ரெட்டியார் நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊராக இருவேல்பட்டு முதல் ஏடுகளில் தெரிகிறது. 2008-இல் போனவர்கள் அந்தப் பிடி தளர்ந்திருப்பதைக் கண்டார்கள். விவசாயத்துக்கு வெளியே வேலை, அரசு நலத்திட்டங்கள், இவற்றோடு தலித் குடும்பங்கள் நிலக்கிழாரை நம்பிப் பிழைக்கும் நிலையும் குறைந்திருந்தது. இதைச் சொல்ல அவர்களால் முடிந்ததற்குக் காரணம், 1916-இல் யாரோ ஒரு மாணவர் விடுமுறையில் யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன என்று கேட்டு எழுதி வைத்ததுதான். அந்த மாணவர் எந்தத் தெரு வீட்டில் உட்கார்ந்து எழுதினார் என்பதையும் மனதில் வைத்தே அந்த ஏட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது. 1916-இல் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன் சேரியிலிருந்து போயிருப்பது அநேகமாக நடக்காத காரியம்.