சிறையில் வேலை: யாருக்குக் கட்டாயம், கூலி உண்டா?

'கடுங்காவல்', அதாவது வேலையோடு சேர்ந்த சிறைத் தண்டனை, என்று தீர்ப்பு வந்ததும் வீட்டார் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "கல்லு உடைக்க விடுவாங்களா சார்?" எல்லாம் சினிமா செய்த வேலை. புழலில் இன்று தையல், பேக்கரி என்று தொழில்கள் நடக்கின்றன. சிறைத்துறையின் 'ஃப்ரீடம்' பெட்ரோல் பங்கில் வண்டிக்கு பெட்ரோல் போட்டவர்கள் உங்களிலேயே பலர் இருப்பீர்கள். 2023இல் பெண் கைதிகளுக்கென்றும் ஒரு பங்க் திறந்தார்கள்.

ஆனாலும் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலை வலிக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துத் திட்டமிட்ட காலம் ஒன்று இருந்தது.

1596இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த ஆண்கள் சிறையில், பிரேசில் மரத்தை அரத்தால் ராவிச் சாயத்தூள் ஆக்குவதுதான் கைதிகளின் வேலை. சோம்பேறிகளை உழைப்பாளிகளாக மாற்றுகிறோம் என்றார்கள். சாயத்தூள் நல்ல விலைக்கும் போனது. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் சிறைகளுக்கு மிதிசக்கரத்தைக் கொண்டுவந்தார். கைதிகள் மிதித்துச் சுற்ற வேண்டிய, படி வைத்த பெரிய சக்கரம் அது. ஏற ஏறப் படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ஏறினாலும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். சில சிறைகளில் அதை வைத்து மாவு அரைத்தார்கள். பல இடங்களில் சக்கரம் சும்மாவே சுற்றியது. அதற்கும் ஒழுக்கப் பயிற்சி என்றே பெயர் சொன்னார்கள்! அதனால்தான் 'சீர்திருத்தம்' என்று யாராவது பேசினால் நான் உடனே கூலி எவ்வளவு என்று கேட்கிறேன்.

இந்தியாவில் மெக்காலே இடம்பெற்ற சிறைக் குழு 1838இல் அறிக்கை கொடுத்தது. கைதிகளை வெளியே சாலை போட அனுப்புவதை நிறுத்துங்கள், உள்ளேயே சலிப்பூட்டும் வேலையைக் கொடுங்கள் என்பது அதன் பரிந்துரை. கல்வியால், நல்லுரையால் கைதியைத் திருத்தலாம் என்பதில் அந்தக் குழுவுக்கு நம்பிக்கையே இல்லை. அந்தச் சிந்தனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்க்க வேண்டுமானால் கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போங்கள். கோவை சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு அங்கே இருக்கிறது. அவரும் எங்கள் தொழில்காரர், வக்கீல். மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்தால் எண்ணெய் ஒன்றும் கூடுதலாக வரப்போவதில்லை. ஆளை ஒடிப்பதுதான் நோக்கம்.

1919-20இல் வந்த இந்தியச் சிறைகள் குழு, கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று எழுதியது. கூலி விஷயத்தில் பெரிய திருப்பம் வர 1998 ஆனது. கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் சொன்னது. உணவு, உடைச் செலவைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதில் ஒரு பங்கு போக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

சிறையில் மனு போட்டு உங்கள் ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசாரணைக் கைதியை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வெறுங்காவல், அதாவது வேலை விதிக்காத சிறைத் தண்டனை என்றால், விருப்பப்பட்டால் மட்டும் செய்யலாம். செய்யவில்லை என்று தண்டிக்கக் கூடாது. கடுங்காவல் என்றாலும், 1894 சிறைகள் சட்டப்படி, அவசரம் தவிர்த்து, ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. கூலிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வேலையும் நன்னடத்தையும் தண்டனைக் குறைப்புக்குக் கணக்காகும் என்பதால் அதையும் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று, பலர் வாய் திறந்து சொல்லத் தயங்குவது. சாதி பார்த்துக் கக்கூஸ் கழுவவும், சாதி பார்த்துச் சமைக்கவும் ஆள் பிரிக்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று ரத்து செய்துவிட்டது. உள்ளே அப்படி நடப்பதாக உங்கள் ஆள் சொன்னால், "ஜெயில்னா அப்படித்தான்" என்று விடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். இலவச உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 'சமூக சேவை' என்று ஒரு புதுத் தண்டனை உண்டு. பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது, முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடித் திருப்பிக் கொடுப்பது போன்ற சின்ன வழக்குகளுக்கு அது. இதற்குக் கூலி கிடையாது என்று சட்டமே சொல்கிறது. சிறைக்கு அனுப்பாமல் விடுவது நல்லதுதான், நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சட்டத்தில் பட்டியல் இல்லை. ஆகவே வேலை, இடம், நேரம் மூன்றையும் உத்தரவிலேயே எழுதித் தரும்படி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.