நுரையீரல்: நுரைக்கும் ஈரலுக்கும் என்ன உறவு?

2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளை மூடியிருந்த வாரம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மலாய்க்கார டாக்டர் திரையில் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "பாரு-பாரு ஓகே" என்றார். மாமா படத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கிட்டுத்தானே மாப்ள இருக்கேன்?" என்றார். மலாயில் பாரு-பாரு என்றால் நுரையீரல்.

அன்றிலிருந்து இந்தச் சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நுரை சரி. ஈரல் எங்கிருந்து வந்தது? ஈரல் என்றால் ரத்தச் சிவப்பாக, கெட்டியாக இருக்கும் கல்லீரல்தானே?

கறிக்கடையில் வெறுமனே "ஈரல் கொடுங்க" என்றால் கல்லீரலைத்தான் வெட்டித் தருவார்கள். ஆனால் மொழியில் ஈரல் ஒரு குடும்பப் பெயர். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்று பேர் அதில் உண்டு. மண்ணீரலைக் கறிக்கடைக்காரர் சுவரொட்டி என்பார், அது தனிக்கதை. ஆட்டை அறுத்து உள்ளே கைவிட்டு இழுத்தால் ஈரலும் இதயமும் நுரையீரலும் ஒரே கொத்தாகத் தொங்கிக்கொண்டு வரும். அதுதான் ஈரக்குலை. பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லும்போது இந்த மொத்தக் கொத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆக, இந்தப் பெயரை வைத்தவர் ஏட்டைப் பார்த்து வைக்கவில்லை, கத்தியும் கையுமாக நின்று வைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டுக்காரர்களிடம் வேறு சொல் இருந்தது. பழைய மருத்துவ நூல்களில் வரும் புப்புசம், வடமொழிப் புப்புஸத்திலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் சுவாசப்பை என்றும் எழுதுகிறார்கள். பொருள் உடனே புரியும், ஆனால் பை என்றதும் உள்ளே வெற்றிடமாக ஒரு பலூன்தான் கண்ணில் வருகிறது. நுரையீரல் பலூன் அல்ல. சுவாசம் என்பதும் வடசொல்தான். நமக்கு மூச்சு இருக்கிறது, மூச்சுக்குழல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'லங்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் கனமில்லாதது. ரஷ்ய மொழியிலும் இதே கதைதான். அவர்கள் கையில் தூக்கிப் பார்த்தார்கள், நாம் அழுத்திப் பார்த்தோம். ஆட்டு நுரையீரலில் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஈரல் துண்டு மூழ்கும், இது மிதக்கும். விரலால் அமுக்கினால் வெட்டுவாயில் வெளிர்சிவப்பாக நுரை கசியும்.

அந்த நுரைதான் விஷயமே. நுரையீரலுக்குள் 30 முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குமிழி. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. எல்லாச் சுவரையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒற்றையர் பூப்பந்து (பேட்மிண்டன்) திடல் அளவு. அத்தனையையும் நெஞ்சுக்குள் அடக்க நுரையை விட்டால் வேறு வழி இல்லை. இந்த நுரை தானாக விரியவும் செய்யாது. கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசைத்திரை இறங்கி இடம் கொடுத்தால்தான் காற்று உள்ளே வரும்.

ஆனால் ஈரமான குமிழி சுருங்கப் பார்க்கும், சின்னது இன்னும் வேகமாகச் சுருங்கும். நம் குமிழிகள் ஏன் ஒட்டிப்போவதில்லை? 1955இல் பேட்டில் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், நீர்கோத்த நுரையீரலிலிருந்து வந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குமிழிகள் சுருங்காமல் அப்படியே நின்றன. குமிழியைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒரு படலம் உள்ளே பூசியிருக்கிறது என்று அதிலிருந்து பிடித்தார். 1959இல் ஆவெரி, மீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு அந்தப் படலம் போதாததே காரணம் என்று காட்டினார்கள். நுரையைப் பார்த்துத்தான் அவர்களும் ஆரம்பித்தார்கள்!

எழுதும்போது நுரை ஈரல் என்று பிரிக்க வேண்டாம். ஐகாரத்தின் பின் உயிர் வந்தால் இடையில் யகரம் உடம்படுமெய்யாக வரும், நுரையீரல் என்றே சேர்த்து எழுதுங்கள். வலது, இடது என்று இரண்டு இருந்தாலும் பொதுவாக ஒருமையில் சொன்னாலே போதும். மலாய்க்காரர்கள் உடம்பில் இருந்தால் பாரு-பாரு என்று இரட்டிப்பார்கள், சம்பலில் வறுத்துத் தட்டில் வைத்தால் பாரு. அன்று மத்தியானம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடையில் மாமா அதைத்தான் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார்.