கம்பத்தைத் திருப்பினால் படம் வந்த காலமும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பும்

சென்ற ஐப்பசியில் தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டிற்கு என்னை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் இணையத்தில் வாங்கிய ‘டிஜிட்டல் ஆன்டெனா’ ஒன்றைத் தம் தகப்பனார் நட்டுவைத்த நாற்பதடி இரும்புக் கம்பத்தின் உச்சியில் கட்டி, அந்தக் காலத்தில் போலவே தெற்கே கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பி வைத்து, டிவியில் நான்கு முறை சேனல் தேடல் ஓட்டிப் பார்த்திருந்தார். ஆன்டெனா வந்த அட்டைப் பெட்டியின் மேல் ‘200 மைல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான்கு முறையும் திரையில் வந்த எண்ணிக்கை பூச்சியம்தான். “ஏனுங்க, எங்கய்யன் காலத்துல இதே கம்பத்துல படம் வந்துச்சுங்களே, இப்ப டிஜிட்டல்னு காசு குடுத்து வாங்கியும் ஒன்னும் வரலீங்களே?” என்று கேட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிவியோடு வந்த விவரத்தாளில், தரைவழிக்கு அனலாக் டியூனர் என்றும் டிஜிட்டலில் கேபிளுக்கு மட்டும் என்றும் எழுதியிருந்தது. தரைவழி என்றால் கோபுரத்திலிருந்து நேரே வீட்டு ஆன்டெனாவுக்கு வரும் ஒளிபரப்பு; டியூனர் என்றால் அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும், டிவிக்குள் இருக்கும் பகுதி. அலை வந்திருந்தாலும் அந்த டிவிக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்தியாவில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு எடுத்துக்கொண்ட முறை டிவிபி-டி2. அந்தப் பெயர் விவரத்தாளில் இருக்க வேண்டும். வெறும் டிவிபி-டி என்று இருந்தால் போதாது, ஏனெனில் முதல் தலைமுறை டியூனரால் இரண்டாம் தலைமுறை அலையைப் பிரித்தெடுக்க முடியாது. ஆன்டெனா வாங்குவதற்கு முன்பாக இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அவருக்குப் பணமும் மிச்சம், வெயிலில் கம்பம் ஏறிய பாடும் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘டிஜிட்டல் ஆன்டெனா’ என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஆன்டெனா என்பது குறிப்பிட்ட அலைநீளத்துக்கு வெட்டிய உலோகக் குச்சிகளின் கூட்டம். தன்மேல் விழும் அலையில் இருப்பது அனலாக் படமா டிஜிட்டல் எண்களா என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அலைவரிசை மட்டுமே. 200 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர், ஆகவே அதற்கான குச்சி ஏறத்தாழ முக்கால் மீட்டர் இருக்கும். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர், குச்சி முழங்கை அளவுகூட இராது. எண்பதுகளில் நம் வீட்டுக் கூரைகளில் நின்ற நீளக் குச்சி ஆன்டெனாக்கள் பெரும்பாலும் முதல் வகைக்கு வெட்டியவை. தரைவழி டிஜிட்டல் வருவதோ யுஎச்எஃப் எனப்படும் இரண்டாம் வகையில். ஆகவே பழைய ஆன்டெனாவைத் துடைத்து மாட்டினாலும் சரியாக வராது, புதிய பெயரில் விற்பதையெல்லாம் வாங்கினாலும் சரியாக வராது.

நாட்டு நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிவிபி-டி2 ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இருந்தது சென்னை. பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2021ஆம் ஆண்டின் கடைசியிலும் 2022இன் தொடக்கத்திலும் படிப்படியாக நிறுத்திவிட்டது. சென்னைக் கோபுரத்திலிருந்து நம் பக்கத்து ஈரோட்டுக்கே நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். சமவெளியில் நிற்கும் 100 மீட்டர் கோபுரத்தின் அலை, பூமியின் வளைவு காரணமாக, பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு வரைதான் நேராகச் சென்று சேரும். பெட்டியில் ‘200 மைல்’ என்று அச்சடிப்பவர்கள் பூமி உருண்டை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மலைமேல் நிற்கும் கோபுரத்தின் கணக்கு வேறு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். நம் கொங்குச் சமவெளியோ பெரும்பாலும் 200 முதல் 450 மீட்டருக்குள். அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலைக்கு, கணக்கின்படி, 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்வை எட்டும். தாராபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், திருப்பூரும் கோவையும் 100 கிலோமீட்டரை ஒட்டி. பழைய நாட்களில் மலையிலிருந்து வந்த படத்தை இத்தனை ஊர்களில் பார்க்க முடிந்ததற்கு ஆன்டெனாவின் திறமை காரணமன்று, மலையின் உயரமே காரணம். ஆனால் இடையில் ஒரு குன்று குறுக்கிட்டால் கணக்கு அங்கேயே முறிந்துவிடும். எந்தக் கோபுரம் இன்று எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பது அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் நான் இங்கே பட்டியல் எதுவும் தரவில்லை. ஆன்டெனாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, உங்கள் மாடியிலேயே அலை அளக்கும் மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அனலாக் படம் நோயைச் சொல்லிவிடும். அலை குறைந்தால் திரையில் பொரி பறக்கும். எதிரொலி இருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு நிழல் தெரியும். கிணற்று மோட்டார் போட்டால் கோடு கோடாக ஓடும். அதைப் பார்த்துத்தான் கூரைமேல் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, வாசலில் ஒருவர் “போதும், போதும்” என்று கத்திக்கொண்டிருந்தோம். டிஜிட்டல் அலையில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் கிடையாது. பிழை திருத்தும் கணக்கு வேலை செய்யும்வரை படம் கண்ணாடிபோல் இருக்கும். அதன் எல்லையைத் தாண்டியவுடன், அலையின் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒரே ஒரு டெசிபல் வித்தியாசத்துக்குள், கட்டம் கட்டமாக உடைந்து, உறைந்து, நின்றேவிடும். கிணற்று மேட்டின் விளிம்பில் நிற்பவனும் நடு வயலில் நிற்பவனும் பார்ப்பதற்கு ஒன்றுபோல்தான் நிற்பார்கள். ஆகவே ஆன்டெனா மாட்டியவர் “படம் நல்லா வருது பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், அதை வேலை முடிந்ததற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பாடத்தை நான் கற்றது சிங்கப்பூரில். அங்கே 2013ஆம் ஆண்டின் இறுதியில் டிவிபி-டி2 தொடங்கி, 2019 ஜனவரி பிறந்தவுடன் அனலாக் முழுவதும் நின்றது. புக்கிட் பாத்தோக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனா வைக்கும் வேலையில் அந்த ஆண்டுகளில் இருந்தேன். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஒரு பாட்டிக்கு வசந்தம் என்ற தமிழ் சேனலில் படம் பகலெல்லாம் ஒழுங்காக வரும். மாலையில் எதிரே பெரிய வண்டிகள் வந்து நின்றால் நின்றுவிடும். உள்ளறை ஆன்டெனாவை சன்னலோரத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். 60 சென்டிமீட்டர் அலைநீளத்தில், சுவரிலும் வண்டியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு மோதி, ஒரு சாணுக்கு ஒரு பள்ளமும் ஒரு மேடும் உண்டாக்கும். பாட்டியின் ஆன்டெனா பள்ளத்தில் இருந்தது. பகலில் படம் தெளிவாக இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

அன்றிலிருந்து என் பையில் 6 டெசிபல் தணிப்பான் ஒன்று எப்போதும் இருக்கிறது. கட்டைவிரல் அளவிலான சிறு உலோகத் துண்டு; கேபிளுக்கும் டிவிக்கும் நடுவில் திருகினால் வரும் அலையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதை மாட்டிய பிறகும் படம் நின்றுவிடாமல் ஓடினால் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்வேன். நின்றுவிட்டால், மழைக்கும் காற்றுக்கும் கையிருப்பு இல்லை என்று பொருள். தணிப்பான் இல்லாதவர்கள் டிவியின் அமைப்புப் பக்கத்தில் வரும் இரண்டு பட்டைகளையும் பார்க்க வேண்டும்: ஒன்று அலையின் வலிமை, மற்றொன்று அலையின் தரம். எல்லோரும் முதல் பட்டையைப் பார்த்து மகிழ்கிறார்கள். படத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது.

வலிமை நிறைந்து தரம் குறைந்திருந்தால் பூஸ்டரைச் சந்தேகியுங்கள். போர்வெல்லில் கலங்கல் தண்ணீர் வரும்போது பெரிய மோட்டார் போட்டால் கலங்கல்தான் அதிகம் வரும். பூஸ்டரும் அப்படியே, அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் கேபிளில் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட அது உதவும். டிவிக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. தோட்டத்துக்கு அருகில் கைபேசிக் கோபுரம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்த வலுவான அலைகள் பூஸ்டரைத் திணறடித்து, நமக்கு வேண்டிய அலையையும் கெடுத்துவிடும். அங்கே வடிகட்டி போட வேண்டும், அல்லது பூஸ்டரையே கழற்ற வேண்டும். கழற்றியவுடன் படம் வந்த வீடுகளும் உண்டு.

நம் பகுதிக்கென்றே இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று தென்னை. மழையில் நனைந்த ஓலைகள் யுஎச்எஃப் அலையை உறிஞ்சும், ஆடிக்காற்றில் அசையும்போது அலையைக் கலைத்துக்கொண்டே இருக்கும். தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டில் கம்பத்தை ஓலைக்கு மேலே உயர்த்துவதைவிட, தோப்பின் ஓரத்தில் நட்டு நல்ல கேபிள் இழுப்பது மேல். மற்றொன்று காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் நிற்கும் ஆலைகளின் இறக்கைகள் ஒவ்வொரு சுற்றிலும் அலையைத் திருப்பியடிக்கின்றன. அசையாத சுவரிலிருந்து வரும் எதிரொலியை டிஜிட்டல் முறை, தகவல் துண்டுகளுக்கு நடுவே விடும் காப்பு இடைவெளியால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சுழன்றுகொண்டே இருக்கும் எதிரொலியைத் தாங்குவது அதற்குக் கடினம். காற்று அடிக்கும் நாளில் மட்டும் படம் உடைகிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் கம்பத்தின் கட்டைப் பார்ப்பேன், அடுத்து அடிவானத்தைப் பார்ப்பேன்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 75 ஓம் ஆர்ஜி-6 வகையையே போடுங்கள். தோட்டத்தில் அணில் கடிக்கும், வெயிலில் மேலுறை வெடிக்கும், வெடித்த இடத்தில் நீர் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

உயிருக்கு ஆபத்தான விஷயம் ஒன்றுதான் இதில் இருக்கிறது, அது கம்பம். தோட்டங்களுக்கு மேலே மின்கம்பிகள் போகின்றன. கம்பத்தை நடும்போதோ இறக்கும்போதோ அது சாய்ந்து கம்பியில் பட்டால், பிடித்திருப்பவர் எல்லோருக்கும் அதுவே முடிவு. கம்பம் எந்தப் பக்கம் முழுநீளமாக விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் குழி வெட்ட வேண்டும். பட்டுவிட்டால் கிட்டேயே போகாமல் மின்வாரியத்தை அழைக்க வேண்டும். கோடை இடிமழைக்கு முன்பாகக் கம்பத்துக்கு நில இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும். இடி முழங்கும்போது கேபிளைக் கழற்ற ஓடக் கூடாது.

தாராபுரத்துக்காரருக்கு என்ன செய்தேன் என்றால், மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷை மாட்டிக் கொடுத்தேன். கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 67 பாகை உயரத்தில் இருப்பதால், டிஷ் தென்னைக்கு மேலே வானத்தைப் பார்க்கிறது. கனமழை பெய்யும் சில நிமிடங்களில் மட்டும் படம் நிற்கும். டிடி தமிழ் வந்தது. நாற்பதடிக் கம்பத்தை நால்வர் பிடித்துக் கீழே இறக்கினோம். துரு அதிகமில்லை. இரண்டாக வெட்டிப் பீர்க்கன் பந்தலுக்கு ஊன்றிக்கொள்வதாகச் சொன்னார்.