கிளட்ச் ஸ்லிப்: பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பைக் ஒர்க்‌ஷாப்புக்கு அடிக்கடி வரும் புகார் இது. ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது முறுக்கினால் எஞ்சின் அலறுகிறது, வண்டிக்கு மட்டும் வேகம் ஏறவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டால், "ஆயில் மாத்தினதுல இருந்துதான் அண்ணா. காஸ்ட்லி ஆயில்தான் போட்டேன்" என்பார்கள். டப்பாவைப் பார்த்தால் கார் ஆயிலாக இருக்கும்.

மேனுவல் கியர் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் கிளட்ச் பக்கமே போகாது. கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும்; பிடிக்காமல் வழுக்குவதுதான் கிளட்ச் ஸ்லிப். மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். பிஸ்டனுக்கு அது சுகம். கிளட்சின் ஃபைபர் பிளேட்டில் படிந்தால் பிடி விட்டுப்போகும். வழுக்க வழுக்கச் சூடு, சூட்டில் பிளேட் கருகும். சில்க் போர்டு நெரிசலில் ஆஃப் கிளட்சிலேயே ஊர்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

பழியை சிந்தெடிக் (செயற்கை) ஆயில் மேல் போடுகிறார்கள், அது தவறு. சிந்தெடிக்கா மினரலா என்பதில் பிரச்சினை இல்லை, உள்ளே கலந்திருக்கும் சரக்கில்தான் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' இருக்கிறதா பாருங்கள். 1998இல் வந்த ஜப்பானியத் தரம் இது; 2006இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 எனப் பிரித்தார்கள். எம்ஏ2வில் பிடி அதிகம். அதே தரத்தில் 'எம்பி' என்பது வழுக்கும் ரகம். பெல்ட்டும் உலர் கிளட்சும் உள்ள கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத்தான் சரி. டப்பாவில் உள்ள ஏபிஐ (அமெரிக்கத் தரம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (எரிபொருளை மிச்சப்படுத்தும் ரகம்) என்றிருந்தால் கியர் பைக்குக்கு வேண்டாம்.

ஜேசி ரோட்டுக் கடைகளில் ஆயிலோடு கலக்கச் சின்ன பாட்டிலில் 'எஞ்சின் ட்ரீட்மென்ட்' விற்கிறார்களே, அதை நான் தொடுவதே இல்லை. ஜாசோ முத்திரை சீல் உடைக்காத ஆயிலுக்குத்தான். மேலே எதையாவது ஊற்றிவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அதற்காக எல்லா ஸ்லிப்புக்கும் ஆயில் காரணமில்லை. முதலில் கிளட்ச் லீவரில் ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் லேசாக ஆடும் இடைவெளி) இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் இதே கதைதான். அது சரியாக இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகாதிருந்தால் பல வண்டிகளில் பிடி திரும்பிவிடும். டாப் கியரில் இன்னும் வழுக்கினால் கிளட்சைக் கழற்றத்தான் வேண்டும். புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள், அவசரத்தில் பல இடங்களில் அப்படியே மாட்டிவிடுகிறார்கள்.